இரண்டாவது கிட்டாரைக் கையில் எடுக்கும் முன்

மேடையில் ஒரு பாட்டுக்கு ஒரு கிட்டார், அடுத்த பாட்டுக்கு வேறு கிட்டார் என்று மாற்றி வாசிக்கிற எல்லாருக்கும், கிட்டாருக்குக் கிட்டார் மாறுகிற சத்த அளவைப் பற்றி, மிக்சரில் நிற்கிற நான் இதை எழுதுகிறேன். சவுண்ட் செக்கில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, போன வாரம் ஒரு ரிசப்ஷன் கச்சேரியில் நடந்ததைப் பார்த்தபிறகு இனி எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நடந்தது இதுதான். முதல் சில பாட்டுகள் ஸ்ட்ராட் வகைக் கிட்டாரில், அதாவது சிங்கிள் காயில் பிக்கப்பில் போயின (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்குவதுதான் பிக்கப்). சவுண்ட் செக்கும் அதில்தான் செய்திருந்தோம். ஒரு குத்துப் பாட்டுக்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல், ஸ்டாண்டில் இருந்த ஹம்பக்கர் கிட்டாரை, அதாவது இரட்டைக் காயில் பிக்கப் வைத்த சத்தமான கிட்டாரை, எடுத்து அதே கேபிளைச் சொருகினார் கிட்டார் வாசித்த தம்பி. மல்டி எஃபெக்ட்ஸில் அதே கிளீன் பேட்ச், அதாவது கரகரப்பு இல்லாமல் சேமித்து வைத்த அமைப்பு. முதல் கார்டு விழுந்ததும் பாடகி காதிலிருந்த இன்-இயரை (காதுக்குள் மாட்டும் மானிட்டரை) இரண்டு கையாலும் பிடுங்கினார். என் மிக்சரில் அந்த சேனல் சிவப்பு. பாட்டின் முதல் வரி போனது போனதுதான். முடிந்ததும் கேட்டால், "அண்ணா, நீங்க மிக்சர்ல பார்த்துப்பீங்கன்னு நினைச்சேன்" என்கிறார்.

இதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். மிக்சரில் பார்த்துக்க முடியாது. ஏன் முடியாது என்று ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சிக்னல் மிக்சருக்குள் நுழைந்ததும் முதலில் இன்புட் கெயின், வருகிற சிக்னலை எவ்வளவு பெரிதாக்குவது என்கிற குமிழ். சவுண்ட் செக்கில் நீங்கள் எந்தக் கிட்டாரை வாசித்தீர்களோ அதற்கு ஏற்ற அளவில் அதை வைத்திருப்பேன். அதற்கப்புறம் சிக்னல் பிரிகிறது. ஒரு கிளை ஃபேடர் வழியாக மக்கள் கேட்கும் ஸ்பீக்கருக்குப் போகும். மானிட்டருக்கும் இன்-இயருக்கும் போகிற கிளையை ஃபேடருக்கு முன்னாலேயே எடுத்துவிடுவோம், வெளியே நான் ஏற்றி இறக்குவதெல்லாம் பாடுகிறவர் காதிலும் ஏறி இறங்கக் கூடாது என்பதற்காக. ஆகவே நீங்கள் சத்தமான கிட்டாரை மாட்டியதும் நான் ஃபேடரை இறக்கினால் மக்களுக்குத்தான் குறையும், பாடகி காதில் ஒரு துளிகூடக் குறையாது. சரி, கெயினையே இறக்கிவிடலாமே என்பீர்கள். இறக்கினால் மெயின், எல்லா மானிட்டர், ரெக்கார்டிங் என்று அத்தனையும் ஒரே நேரத்தில் மாறும், அந்த சேனலின் கேட் (மெல்லிய சத்தத்தை அடைப்பது), கம்ப்ரசர் (சத்தம் கூடினால் அழுத்துவது) அளவுகளும் கலையும், அடுத்த பாட்டில் நீங்கள் பழைய கிட்டாருக்குத் திரும்பும்போது மறுபடி ஏற்ற வேண்டும். தபேலா, ஆக்டோபேட், கீபோர்டு, கோரஸ் மைக் என்று அத்தனை சேனலையும் பார்த்துக்கொண்டு இருக்கிற எனக்கு, நீங்கள் எந்த நொடியில் ஸ்டாண்டுப் பக்கம் திரும்புவீர்கள் என்று எப்படித் தெரியும்? தெரிந்து கையை வைப்பதற்குள் முதல் கார்டு வெளியே போயிருக்கும். மேடையில் ஆம்ப் வைத்து வாசிக்கிறவர் என்றால் இன்னும் மோசம், அந்த ஆம்ப்பிலிருந்து நேராக வரும் சத்தத்துக்கும் என் மிக்சருக்கும் சம்பந்தமே இல்லை.

கம்ப்ரசர் போட்டால் சரியாகிவிடும் என்பதும் அடிக்கடி வருகிற யோசனை. மெதுவான கிட்டாருக்கு அளந்து வைத்த கம்ப்ரசருக்குள் சத்தமான கிட்டார் வந்தால் அது ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும், வாசிப்பில் உயிரே இருக்காது. அது இந்த வேலைக்கான கருவி இல்லை.

ஆக, வித்தியாசத்தை உங்கள் கையை விட்டுப் போகும் முன்பே, கிட்டாரிலோ பெடல்போர்டிலோ சரிசெய்தாக வேண்டும். அதற்குக் கச்சேரிக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் போதும்.

முதலில், எப்படி ஒப்பிடுவது? கிளீன் பேட்சில் ஒப்பிடுங்கள். டிஸ்டார்ஷனில் இரண்டையும் வாசித்துப் பார்த்துவிட்டு "ரெண்டும் ஒரே சத்தம்தான்" என்று வருகிறவர்கள்தான் அதிகம். டிஸ்டார்ஷன் என்பதே சிக்னலின் உச்சியை வெட்டி ஒரே மட்டத்தில் நிறுத்துவதுதானே, அதில் சத்த வித்தியாசம் எப்படித் தெரியும்? ஹம்பக்கர் போட்டால் கரகரப்பு கூடும், அவ்வளவுதான். கிளீனுக்கு வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். அங்கே 6 டெசிபெல் வித்தியாசம் என்றால் மின்னழுத்தம் இரண்டு மடங்கு என்று அர்த்தம். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப் கிட்டார் என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

ஒரே கார்டை, ஒரே அழுத்தத்தில், மேடையில் அடிக்கிற மாதிரியே அடித்துப் பாருங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ் மீட்டரைப் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சிங்கிள் காயிலின் முதல் தட்டல் கூர்மையானது, மீட்டரில் உச்சி எட்டிவிடும். ஹம்பக்கரில் நடு ஸ்தாயி தடிமனாக இருப்பதால் மீட்டர் ஒரே அளவு காட்டினாலும் காதுக்கு அதுதான் சத்தமாகக் கேட்கும். கடைசி முடிவைக் காது சொல்லட்டும், முடிந்தால் டிரம்ஸோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

வித்தியாசம் தெரிந்துவிட்டதா, முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். பைசா செலவில்லாத வழி இதுதான், யாரும் தொடுவதில்லை. பிக்கப்பின் இரு பக்கமும் இருக்கிற திருகுகளைத் திருப்பினால் அது கம்பியை நெருங்கும், விலகும். விலகினால் சத்தம் குறையும். ஆறாவது கம்பியையும் முதல் கம்பியையும் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடைவெளியை அளந்து எழுதிவைத்துவிட்டு, ஹம்பக்கரைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அதை விட்டுவிட்டு சிங்கிள் காயிலைக் கம்பிக்கு முட்டுகிற அளவுக்கு ஏற்றாதீர்கள். அதன் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும், தடித்த கம்பிகளில் மேல் ஃப்ரெட் வாசித்தால் ஸ்வரம் அலையும், எத்தனை முறை ட்யூன் செய்தாலும் சேராது. இப்படி வந்த கிட்டார்களை நெக் கோணல் என்று சொல்லி ரிப்பேருக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஒரே கிட்டாரில் பிரிட்ஜில் ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடத்தில் சிங்கிள் காயிலும் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே வேலைதான். உங்களுக்குக் கிட்டாரை மாற்றவே வேண்டாம், ஸ்விட்சைத் தட்டினாலே சத்தம் எகிறும்.

திருகில் தீராத மிச்சத்தை பெடல்போர்டில் தீருங்கள். எப்போதும் வாசிக்கிற கிட்டாரை அளவாக வைத்து பேட்ச் எல்லாம் அதற்கே அமையுங்கள், மற்றதை அதன் அளவுக்குக் கொண்டுவாருங்கள். மற்றது மெதுவானது என்றால் பெடல் வரிசையின் முதல் இடத்தில் ஒரு கிளீன் பூஸ்ட், கரகரப்பு சேர்க்காமல் சிக்னலை ஏற்றும் பெடல். சத்தமானது என்றால் மல்டி எஃபெக்ட்ஸின் முதல் பிளாக்காக ஒரு வால்யூம் பிளாக்கைப் போட்டுக் குறையுங்கள், உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கிற இன்புட் பேட் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். பழைய ஃபெண்டர் ஆம்ப்புகளில் இரண்டாவது இன்புட் 6 டெசிபெல் குறைவாக எடுக்கும், அதில் சொருகினாலே பாதி வேலை முடிந்துவிடும். வயர்லெஸ் வைத்திருக்கிறவர்கள் கிட்டாருக்கு ஒரு பெல்ட்பேக் (இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர்) என்று வைத்து அதிலேயே சென்சிடிவிட்டியை மாற்றி வைத்துவிடலாம், மேடையில் தொடவே வேண்டாம்.

இந்த பூஸ்ட் விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. கிட்டார்களைச் சமப்படுத்துகிற பூஸ்ட் டிரைவுக்கு (கரகரப்பு தரும் பெடலுக்கு) முன்னால் வரவேண்டும், ஏனென்றால் பின்னால் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சிக்னல் போகவேண்டும். சோலோவில் மேலே வருவதற்கான பூஸ்ட் டிரைவுக்குப் பின்னால். சோலோ பூஸ்டை முன்னால் வைத்துவிட்டு எனக்குச் சத்தமே வரவில்லை என்று என்னைப் பார்த்துக் கையைத் தூக்காதீர்கள். அங்கே கரகரப்புதான் ஏறும், சத்தம் ஏறாது. ஆம்ப்பின் கெயின் குமிழும் அதே கதைதான்.

கிட்டார் வால்யூம் குமிழை ஏழில் வைத்து வாசிக்கலாமா? அவசரத்துக்குத் தாராளமாக. ஆனால் பல கிட்டார்களில் குமிழைக் குறைத்தால் டிரெபிளும் சேர்ந்து போகும், நீளமான கேபிள் என்றால் இன்னும் மந்தமாகும். டிரெபிள் போகாமல் காக்க, டிரெபிள் பிளீட் என்று ஒரு சின்ன கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், தெரிந்தவருக்கு அரை மணி வேலை.

அப்புறம் ஹெட்போன். ராத்திரி ஹெட்போனில் மெதுவாக வைத்து அமைத்த பேட்ச் மேடையில் அப்படியே வராது. குறைந்த சத்தத்தில் பேஸும் உச்சி டிரெபிளும் காதுக்குக் குறைவாகவே படும், 1933லேயே பெல் லேப்ஸின் ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டிவிட்டார்கள். நீங்கள் அந்த இரண்டையும் ஏற்றி மிட்டைக் குறைத்து வைத்திருப்பீர்கள், கச்சேரியில் பேஸ் கிட்டாரும் சிம்பலும் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ள உங்கள் கிட்டார் காணாமல் போகும். பேட்ச்களின் சத்த அளவைப் பயிற்சி அறையில், கச்சேரிச் சத்தத்தில் ஒரு தடவையாவது சரிபாருங்கள்.

இதெல்லாம் டோன் சமாச்சாரம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் (NIOSH) வேலையிடச் சத்தத்துக்குச் சொல்லும் வரம்பு 85 டெசிபெல்லில் 8 மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபெல்லில் வெறும் 15 நிமிடம். நம் மேடைகளில் பலர் ஏற்கெனவே அந்த எல்லையில்தான் நிற்கிறார்கள். அதன்மேல் திடீரென ஒரு கார்டு இன்-இயரில் எகிறினால் பாடுகிறவர் தப்பிக்க இடமில்லை. லிமிட்டர் நான் போடுவேன், அது கடைசித் தடுப்பு. தயவுசெய்து அதை நம்பி வாசிக்காதீர்கள், அந்தக் காது அவர்களுடைய பிழைப்பு.

மேடையில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. சவுண்ட் செக்கில் எல்லாக் கிட்டாரையும் வாசித்துக் காட்டுங்கள், சத்தமானதை முதலில். ட்யூனர் பெடலை மிதித்து மியூட் செய்தபிறகே கேபிளைப் பிடுங்குங்கள். ஆக்டிவ் கிட்டாரில் கேபிளைச் சொருகியே வைத்தால் பேட்டரி கரையும், ஸ்டாண்டில் வைக்கும்போது கழற்றிவிடுங்கள். பாட்டு வரிசை எழுதிய தாளில் எந்தப் பாட்டுக்கு எந்தக் கிட்டார் என்று பக்கத்தில் குறித்து, ஒரு பிரதியை மிக்சர் மேசைக்குக் கொடுத்தனுப்புங்கள், பாட்டு வரிசை நடுவில் மாறினால் என்னோடு பேசுவதற்கான டாக்பேக் மைக்கில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.