கல்வெட்டும் திதி வெண்பாவும்

கல்வெட்டு என்றால் கல்லில் பொறித்த சாசனம். இது எல்லோரும் அறிந்த பொருள். திருகோணமலையில் இன்னொரு பொருளும் உண்டு. ஒருவர் இறந்த 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்கள் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகமும் இங்கே கல்வெட்டுத்தான். அட்டையில் 'நினைவு மலர்' என்று அச்சிட்டாலும் வாயில் வருவது பழைய பெயரே. தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, மனைவி மக்கள் புலம்பல், நன்றி நவிலல் எல்லாம் அதில் இருக்கும்.

கல்லில்லாத கல்வெட்டு நமக்குப் புதிதன்று. கவிராஜவரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டு ஏட்டில் எழுதிய நூல். குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோயிலுக்கு வகுத்த தொழும்புகளை, அதாவது கோயிற் பணிகளை, அவற்றைச் செய்யும் தானத்தார், வரிப்பத்தார் என்போரின் கடமைகளைச் சொல்வது. மாற்றக்கூடாத ஏற்பாடு என்பதால் சாசனத்தின் பெயரையே நூலுக்கும் இட்டார்கள். மறுபுறம், திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டை வாசற்கல்லில் உண்மையாகவே வெட்டப்பட்டிருப்பது ஒரு வெண்பா. எழுத்துகள் சிதைந்துவிட்டன, ஊரார் சொல்லும் பாடப்படி முதலடி இது:

முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியை

சீர்களை, அதாவது அடியின் சொற்களை, நேர், நிரை என்ற அசைகளாகப் பிரித்துப் பாருங்கள். ஓரெழுத்து தனித்தோ ஒற்றோடோ நின்றால் நேர், குறிலோடு இன்னோர் எழுத்துச் சேர்ந்தால் நிரை. 'முன்னே' நேர்நேர், அதன் பெயர் தேமா, மாச்சீருக்குப் பின் நிரை வரவேண்டும், 'குளக்' வருகிறது. 'குளக்கோட்டன்' நிரைநேர்நேர், அதன் பெயர் புளிமாங்காய், காய்ச்சீருக்குப் பின் நேர் வரவேண்டும், 'மூட்' வருகிறது. சீரும் சீரும் இணையும் முறைக்குத் தளை என்று பெயர். இந்த வெண்டளையைத் தவிர வேறு தளை கலவாத தூய்மையால்தான் வெண்மை + பா, வெண்பா. யாப்பு என்ற சொல்லும் 'யா' என்ற வினையடியில் வந்தது. யாத்தல் என்றால் கட்டுதல்.

இனி நினைவுப் புத்தகத்தின் உயிரான திதி வெண்பா. ஆண்டுத் திவசம் ஆங்கிலத் தேதிக்கு வராது, திதிக்கே வரும். அதனால் வருடப் பெயர், மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி, இறந்தவர் பெயர் ஐந்தும் நான்கடிக்குள் நிற்கவேண்டும். திதிக்குப் பிறைநாள் என்ற நல்ல தமிழ் உண்டு. ஆனாலும் வீட்டார் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருப்பதால் வெண்பாவில் திதியையே வைப்பது நல்லது. பூர்வபக்கத்துக்கு வளர்பிறை, அபரபக்கத்துக்குத் தேய்பிறை என்பன தாராளமாகப் பொருந்தும், தளை இடங்கொடுத்தால்.

இடங்கொடாத இடம் ஒன்று: 'ஆனித் தேய்பிறை'. தேமாவுக்குப் பின் 'தேய்' என்ற நேர், தளை தட்டும். 'ஆனி அபரத்தில் ஏகா தசித்திதியில்' என்றால் நான்கு சீரும் சரியாக ஓடும்.

அடுத்த பிழை ஈற்றடியில். அதில் மூன்றே சீர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக இருக்கவேண்டும். பலர் 'சிவனடி சேர்ந்தார்' என்று முடிக்கிறார்கள். 'சேர்ந்தார்' நேர்நேர், 'காசு' போலக் குறுகிய உகரத்தில் முடியாததால் ஈற்றுச் சீராக நில்லாது. 'சிவனடி சேர்ந்திட்ட நாள்' என்றால் நிற்கும்.

இவற்றைவிடப் பெரிய பிழை திதியையே தவறாக எடுப்பது. திதி நள்ளிரவில் மாறுவதில்லை. பகலிலும் இரவிலும் எந்நேரமும் மாறும். உயிர் பிரிந்த நேரத்தில் நின்ற திதியே கணக்கு. வாக்கியம், திருக்கணிதம் என்ற இருவகைப் பஞ்சாங்கங்களுக்கிடையே திதி சில மணி நேரம் வேறுபடும். வீட்டார் எதைக் கைக்கொள்பவர்கள் என்று கேட்டபிறகே முதற்சீரை எழுதவேண்டும். தளை தட்டினால் ஓசைதான் கெடும், திதி பிழைத்தால் வருடந்தோறும் திவசம் பிழைத்த நாளில் நடக்கும்.