மூன்றாம் நாள் மூடும் கதவு

"பிறந்ததும் நன்றாக அழுதான், பால் குடித்தான், டாக்டரும் பார்த்துவிட்டு ஒன்றும் பிரச்சினையில்லை என்றார். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. இவ்வளவு பெரிய இதயக் கோளாறு முதல் இரண்டு நாள் எப்படித் தெரியாமல் போனது?" தன் அக்கா மகனைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆபரேஷன் முடிந்து பையன் இப்போது நன்றாக இருக்கிறான், ஆனால் ஆயுள் முழுக்கச் செக்கப்புக்கு வரச்சொல்கிறார்களாம், அது ஏன் என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

பிறக்கும் 1000 குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதாவது ஒரு பிறவிக் குறை இருக்கும். பலருக்குச் சின்ன ஓட்டைதான், தானாகவே மூடிக்கொள்ளும். ஆபத்தான வகைகளில்தான் இந்த "மூன்றாம் நாள்" வருகிறது.

கருவில் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை இல்லை, ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாக வந்துவிடுகிறது. அதனால் நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தில் பெரும்பகுதியை ஒரு குட்டிக் குழாய் நேராக மகாதமனிக்கு, அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்க்கு, திருப்பிவிடுகிறது. டக்டஸ் ஆர்டீரியோசஸ் என்று பெயர். இதைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள், அதில் பெரும்பங்கு நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. குழந்தை வெளியே வந்து முதல் மூச்சை இழுத்ததும் நடப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது. அதே ஆக்சிஜன் நுரையீரலின் ரத்தக்குழாய்களை விரிய வைக்கிறது, டக்டஸை மட்டும் சுருங்க வைக்கிறது! டக்டஸின் தசைச் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வாய்கள் அடைபடுகின்றன, கால்சியம் உள்ளே பாய்கிறது, தசை இறுகுகிறது. நஞ்சுக்கொடி போய்விட்டதால் புரோஸ்டாகிளாண்டின் வரத்தும் நின்றுவிட்டது, மிச்சம் இருப்பதை இப்போது ரத்தம் நிறைந்து ஓடும் நுரையீரலே சிதைத்துவிடுகிறது. இரண்டு மூன்று நாளில் கதவு சாத்திக்கொள்கிறது, அப்புறம் சில வாரங்களில் வெறும் நாராகிவிடுகிறது. உங்கள் நெஞ்சுக்குள்ளும் அந்த நார் இருக்கிறது.

இப்போது நுரையீரலுக்குப் போகும் வால்வே உருவாகாத ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். அதன் நுரையீரலுக்கு ரத்தம் போவதே இந்தக் குழாய் வழியாகத்தான், மகாதமனியிலிருந்து திரும்பி. கதவு திறந்திருக்கும்வரை குழந்தை பால் குடிக்கும், தூங்கும். கதவு மூடியதும் நீலமாகிவிடும். அந்தப் பையனுக்கும் பெரும்பாலும் இப்படி ஒன்றுதான் நடந்திருக்கும்.

நீலக் குழந்தைகளில் டக்டஸ் மூடாமல் இருப்பவர்கள் தேவலை என்பதைக் கவனித்தவர் குழந்தைகளின் இதய டாக்டரான ஹெலன் டாஸிக். செயற்கையாக ஒரு டக்டஸ் செய்தால் என்ன என்று அவர் கேட்க, அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆல்ஃபிரட் பிளேலாக் 1944 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு தைத்தார். அந்த முறையை ஆய்வகத்தில் நாய்களிடம் செய்து செய்து உருவாக்கிய அவருடைய உதவியாளர் விவியன் தாமஸ், பின்னால் நின்று வழிகாட்டினார். அந்த முதல் குழந்தை அதிக நாள் வாழவில்லை, ஆனால் வழி திறந்துவிட்டது. 1970களில் புரோஸ்டாகிளாண்டினே மருந்தாக வந்தது. நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் மூடத் தொடங்கிய கதவு மறுபடி திறக்கும், ஆபரேஷனுக்கு அவகாசம் கிடைக்கும்.

கண்டுபிடிக்கவும் எளிய வழி உண்டு. வலது கைக்கான தமனி டக்டஸ் சேரும் இடத்துக்கு முன்பே பிரிந்துவிடுகிறது, காலுக்கான ரத்தம் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை வலது கையிலும் ஒரு பாதத்திலும் வைத்துப் பார்க்கிறார்கள். அளவு குறைவாக இருந்தாலோ, இரண்டுக்கும் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ விடக்கூடாது. அமெரிக்காவில் இதைக் கட்டாயமாக்கிய மாநிலங்களில் தீவிர இதயக் குறையால் நிகழும் சிசு மரணம் சுமார் 33 சதவீதம் குறைந்தது. சில நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் ஒரு பிறந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்புவது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

உலக அளவில் பிறவி இதயக் குறையால் 2017இல் சுமார் 2,61,000 பேர் இறந்தார்கள். 1990ஐ விட 34.5 சதவீதம் குறைவு. இருந்தும் அதில் சுமார் 1,80,000 பேர் ஒரு வயதுகூட நிரம்பாதவர்கள், பெரும்பாலும் சிகிச்சை எட்டாத இடங்களில் பிறந்தவர்கள். வசதியான நாடுகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெரியவர்களாகிவிடுகிறார்கள், அங்கே இந்தக் குறையோடு வாழ்பவர்களில் குழந்தைகளைவிடப் பெரியவர்களே அதிகம்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. மரணம் தள்ளிப்போயிருக்கிறது. ஆபரேஷன் செய்த இடத்துத் தழும்பு, வருடங்கள் கழித்து இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குழப்பலாம். மாற்றிய வால்வு தேயலாம், பலவீனமான அறை சோர்ந்துபோகலாம். பதின்ம வயதில் "நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று செக்கப்பை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர், அவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலைக்கு ஆராய்ச்சிப் பணம் இன்னும் நிறைய வரவேண்டும்.

உங்கள் அக்காவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கர்ப்பத்தில் அவர் எதைச் செய்ததால் இப்படி ஆனது, எந்தப் பாவத்தால் ஆனது என்று யாராவது பேசினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், பெரும்பாலான குழந்தைகளில் இன்ன காரணம் என்று ஒன்றைச் சுட்டவே முடிவதில்லை. அப்புறம், ஆபரேஷன் குறிப்புகள் உள்ள ஃபைலைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். முப்பது வயதில் அவனைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு அது வேண்டியிருக்கும்.