படைப்புழுவின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

சேனா படைப்புழு 2018இல் இலங்கைக்குள் வந்து சோளனில் இறங்கியதை மட்டக்களப்பு, அம்பாறை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். மருந்தடித்தும் அது ஏன் அடங்குவதில்லை? குருத்தை விரித்துப் பாருங்கள். உள்ளே பொடிப்பொடியாக ஈர எச்சம் அடைத்திருக்கும். அதற்கடியில் புழு. வால்பக்கம் சதுரமாக நாலு கறுப்புப் புள்ளி. மேலே விசிறுகிற மருந்து அந்த எச்சத்தைத் தாண்டி உள்ளே இறங்குவது கடினம்.

இலையே மருந்தாகிவிட்டால்? பி.டி. சோளன் உருவானது இந்த யோசனையில்தான். அமெரிக்காவில் 1996இலிருந்து அதைப் பயிரிடுகிறார்கள்.

மண்ணில் வாழும் ஒரு பற்றீரியா, பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ். அதன் சுருக்கம்தான் பி.டி. பட்டுப்புழுக்கள் செத்து விழுந்ததை ஆராயப் போய் 1901இல் ஜப்பானில் அதைக் கண்டுபிடித்தார்கள். அது ‘க்ரை’ என்ற வகைப் புரதங்களைச் செய்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவைச் சோளன் கலத்துக்குள் புகுத்தி, அந்த ஒரு கலத்திலிருந்து முழுச் செடியை வளர்த்தெடுக்கிறார்கள். பிறகு செடி தன் இலையிலேயே அந்தப் புரதத்தைச் செய்துகொள்ளும்.

புழு இலையைக் கடிக்கிறது. புரதம் குடலுக்குப் போகிறது. அங்கே குடற்சுவர்க் கலங்களில் சில வாங்கிகள் இருக்கின்றன. பூட்டுக்குள் திறப்பு நுழைவதுபோல் புரதம் அவற்றில் பொருந்துகிறது. பொருந்தியதும் கலச்சவ்வில் ஓட்டை விழுகிறது. நீர் உள்ளே ஏறிக் கலம் வீங்கி வெடிக்கிறது. சில மணித்தியாலத்தில் புழு தின்பதை நிறுத்தும். ஓரிரு நாளில் சாகும். மனிதக் குடலில் அந்த வாங்கிகள் இல்லை. நம் வயிற்று அமிலமும் நொதிகளும் அந்தப் புரதத்தைச் செரித்துவிடுகின்றன. ‘புழுவைக் கொல்வது நம்மையும் கொல்லும்’ என்ற பயத்துக்கு இதனால்தான் ஆதாரமில்லை என்கிறேன்.

உண்மையான கவலை வேறு. அந்த வாங்கி சற்றே மாறிப் பிறந்த புழு சாகாது. அது பெருகினால் விதைக்குக் கொடுத்த காசு வீண். புவேர்ட்டோ ரிக்கோவில் 2006இலேயே படைப்புழு ஒரு க்ரை புரதத்தைத் தாண்டிவிட்டது. இதைத் தள்ளிப்போட நிலத்தின் ஒரு பகுதியில் சாதாரணச் சோளனை விதைக்கிறார்கள். அமெரிக்கச் சோளன் வலயத்தில் ஒற்றைப் புரத ரகத்துக்கு அது 20 சதவீதம். அந்தச் சாதாரணச் சோளனில் தப்பி வளரும் புழுக்கள் அந்துகளாகி, எதிர்ப்புள்ள அந்துகளோடு கூடினால், பிறக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை பி.டி. இலையில் சாகும்.

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒன்றிரண்டு ஏக்கரில் மானாவாரிச் சோளன் போடுகிறவர் அதில் ஐந்திலொன்றைப் புழுவுக்கு விட்டுக்கொடுப்பாரா? தனியே யாரும் செய்ய மாட்டார், செய்தாலும் பிரயோசனமில்லை. அந்து ஒரே இரவில் 100 கிலோமீற்றர் வரை பறக்கக்கூடியது. வயலுக்கு நீர் திறக்கும் திகதியைப் போக ஆரம்பக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்கிறோமே, அப்படியொரு உடன்பாடு சோளனுக்கும் வேண்டும்.

இலங்கையில் மரபணு மாற்றப் பயிர் எதுவும் வணிக ரீதியாகப் பயிரிடப்படுவதில்லை. அந்த நிலை மாறுவதானால், விதைக்கு முன்னால் இந்த உடன்பாடு ஊருக்கு வந்து சேர வேண்டும்.