பட்டம் கையில் இருக்கிறது, பதிவு எண் எங்கே?

நர்சிங் படிப்பில் சேரப் போகிறவர்களிடம் மட்டுமில்லை, கடைசி வருடம் படிப்பவர்களிடம்கூட ஒரு குழப்பத்தைப் பார்க்கிறேன். மூன்று நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டால் நர்ஸ் ஆகிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். ஆகவில்லை. பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். நோயாளியைத் தொட்டு வேலை செய்யச் சட்டப்படி அனுமதி கொடுப்பது நர்சிங் கவுன்சில் அல்லது போர்டு, நாட்டுக்கு நாடு பெயர் மாறும். இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு விண்ணப்பம், வேறு வேறு கட்டணம். கவுன்சிலின் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறி, ஒரு எண் கிடைத்த பிறகுதான் 'பதிவு பெற்ற செவிலியர்' என்று சொல்லிக்கொள்ள முடியும். அதற்கு முன்னால் அப்படிச் சொல்லிக்கொள்வது வெறும் பொய் மட்டும் இல்லை, பல நாடுகளில் குற்றம். ஆஸ்திரேலியாவில் வெறும் 'நர்ஸ்' என்ற சொல்லுக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செவிலியர் பதிவுக்கென்றே தனிச் சட்டத்தைத் தேசிய அளவில் முதலில் கொண்டுவந்த நாடு நியூசிலாந்து, 1901இல். அடுத்த ஜனவரியில் எலன் டோஹர்ட்டி என்பவர் முதல் ஆளாகப் பதிவானார். பிரிட்டனில் அது நடக்க 1919 வரை ஆனது. எதிர்த்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா, நவீன நர்சிங்குக்கே அடித்தளம் போட்ட ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். நல்ல நர்ஸுக்கு வேண்டிய குணத்தைத் தேர்வு வைத்து அளக்க முடியாது, பட்டியலில் பெயர் எழுதிவிட்டால் அது வந்துவிடாது என்பது அவர் கட்சி. பதிவு வேண்டும் என்று சுமார் முப்பது வருடம் மல்லுக்கட்டியவர் எதெல் கார்டன் ஃபென்விக் என்ற பிரிட்டிஷ் நர்ஸ். கடைசியில் 1921இல் பதிவேடு திறந்தபோது அதில் முதல் எண் அவருடையதுதான். நைட்டிங்கேல் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, அதைக் கீழே பார்ப்போம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும் என்றால் முதல் நிபந்தனை, நீங்கள் படித்த படிப்பு அந்தக் கவுன்சில் ஏற்றுக்கொண்ட படிப்பாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் கவிழ்கிறார்கள். பல்கலைக்கழகம் உண்மையானதாக இருக்கும், பட்டமும் உண்மையானதாக இருக்கும், ஆனால் அந்த நர்சிங் படிப்புக்கு மட்டும் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்காது, அல்லது 'விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்' என்ற நிலையில் இருக்கும். வந்துவிடும் என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கல்லூரி விளம்பரத்தையும் கல்லூரி இணையதளத்தையும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாமல், கவுன்சிலின் சொந்த இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கும், அதைத் திறந்து மூன்று விஷயத்தைப் பாருங்கள்: படிப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, நீங்கள் சேரும் கல்வியாண்டு அதில் இருக்கிறதா, நீங்கள் படிக்கப்போகும் அதே வளாகம் இருக்கிறதா. ஒரே கல்லூரிக்கு இரண்டு வளாகம் இருந்து ஒன்றுக்கு மட்டும் அங்கீகாரம் இருக்கலாம்.

'உடல்நல அறிவியல்', 'செவிலியர் மேலாண்மை' என்று நர்சிங் போலவே ஒலிக்கும் பட்டங்களும் உண்டு. அவை தப்பான படிப்புகள் இல்லை, ஆனால் பெரும்பாலும் பதிவுக்குக் கொண்டுபோய் விடாது. சேர்க்கை அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதை முடித்தால் பதிவு பெற்ற செவிலியராக விண்ணப்பிக்கத் தகுதி உண்டா, அதை எழுத்தில் கொடுப்பீர்களா?' பதில் சுற்றிவளைத்து வந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

இரண்டாவது நிபந்தனை மணி நேரம். மற்ற பட்டப் படிப்புகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தேர்வில் பாஸ் ஆனால் போதாது, நோயாளிகள் பக்கத்தில் நின்று இத்தனை மணி நேரம் வேலை பழகினேன் என்று கணக்குக் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி குறைந்தது 3 வருடம், 4,600 மணி நேரம், அதில் பாதியாவது மருத்துவமனையிலும் சமூகப் பணியிலும் நேரடிப் பயிற்சி. பிரிட்டனிலும் அதே 4,600தான், அதில் 2,300 மணி நேரம் நேரடிப் பயிற்சி. வாரத்துக்கு 37.5 மணி நேரம் என்று வைத்தால் 61 வாரத்துக்கும் மேலே போகிறது, அதாவது மூன்று வருடப் படிப்பில் ஒரு வருடத்துக்கும் மேல் முழு நேர டூட்டி. இதில் 600 மணி நேரம் வரை பொம்மை நோயாளி, செயற்கை வார்டு என்று பழகிக்கொள்ளவும் அனுமதி உண்டு, கல்லூரிக்கு அதற்கான ஒப்புதல் இருந்தால். ஆஸ்திரேலியாவில் குறைந்தபட்சம் 800 மணி நேரம், ஆனால் பொம்மையில் பழகியது அதில் சேராது. அயர்லாந்தில் நாலு வருடப் படிப்பு, நாலாம் வருடத்தில் 36 வாரம் சம்பளத்தோடு பயிற்சிப் பணி. இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் நாலு வருடம், எட்டு செமஸ்டர், ஒவ்வொரு பாடத்துக்கும் கிளினிக்கல் மணி நேரம் பாடத்திட்டத்திலேயே எழுதியிருக்கும்.

இந்த மணி நேரத்தை நிரூபிப்பது லாக் புக். தேதி, வார்டு, ஷிப்ட் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சாப்பிட்ட இடைவேளை, மேற்பார்வை பார்த்தவரின் கையெழுத்து. பார்க்க ஒன்றுமில்லாத நோட்டு மாதிரி இருக்கும், அதனால்தான் அலட்சியம் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் எல்லாத் தேர்விலும் முதல் தடவையே பாஸ். குழந்தைகள் வார்டு போஸ்டிங்கில் அம்மை போட்டு இரண்டு வாரம் படுத்துக் கிடந்தார், அந்த 75 மணி நேரத்தை அப்புறம் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கல்லூரியும் ஞாபகப்படுத்தவில்லை. கூடப் படித்தவர்கள் பதிவு எண் வாங்கி ஸ்டாஃப் நர்ஸாக உள்ளே வந்த அதே வார்டுக்கு, அவர் மாணவர் சீருடையிலேயே போய் அந்த மணி நேரத்தைத் தீர்த்தார். முதல் சம்பளம் மூன்று மாதம் தள்ளிப்போனது. அதனால் ஷிப்ட் முடிந்து கிளம்பும் முன்னால் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அடுத்த வாரம் அந்த சிஸ்டர் நைட் டூட்டியில் இருப்பார், அதற்கடுத்த வாரம் வேறு வார்டில் இருப்பார்.

இன்னொன்று, பயிற்சியில் இருக்கும் மாணவரை ஆள் பற்றாக்குறைக்கு நிரப்பும் ஆளாகக் கணக்கில் வைக்கக் கூடாது என்று பிரிட்டனில் விதியே உண்டு. நடைமுறையில் காலையிலிருந்து படுக்கை விரித்துக்கொண்டே பொழுது போய்விட்டது என்று புலம்பாத மாணவரை நான் பார்த்ததில்லை. படுக்கை விரிப்பதும் கற்கவேண்டியதுதான், ஆனால் லாக் புக்கில் நிரப்பவேண்டிய செயல்முறைகள் பாக்கி இருக்கும்போது 'எனக்கு இன்று கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுவதைப் பார்க்க வேண்டும்' என்று வாய் திறந்து கேட்கவேண்டியது நீங்கள்தான்.

அப்புறம் மருந்துக் கணக்கு. பிரிட்டன் கவுன்சில் இதில் 100க்கு 100 கேட்கிறது, 99 எடுத்தால் ஃபெயில். கொடுமை என்று தோன்றினால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், ட்ரிப் செட் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. ஆயிரம் பெருக்கல் 20, இருபதாயிரம் சொட்டு. எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். வகுத்தால் 41.67 வரும், நிமிடத்துக்கு 42 சொட்டு என்று வைப்பீர்கள். தாளில் சுலபம். வார்டில் ஒரு கை ட்ரிப் குழாயின் உருளையைத் திருக, கண் வாட்சுக்கும் சொட்டுக்கும் மாறி மாறிப் போக, படுக்கையில் இருப்பவர் தன் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்க, 27ஆவது சொட்டில் எண்ணிக்கை விட்டுப்போகும். மறுபடி முதலிலிருந்து. 2.5 மில்லிகிராமில் புள்ளியைத் தவறவிட்டால் 25 ஆகிவிடும், அந்த ஒரு மார்க் எந்த நோயாளி என்பதுதான் கேள்வி.

மூன்றாவது நிபந்தனைதான் நைட்டிங்கேல் கவலைப்பட்ட இடம்: நன்னடத்தையும் உடல் தகுதியும். போலீஸ் சரிபார்ப்பு, பல்கலைக்கழகத்தின் நன்னடத்தை உறுதி, உடல்நலம் பற்றிய உங்கள் சொந்த அறிவிப்பு, இவை ஏதாவது ஒரு வடிவில் பெரும்பாலான கவுன்சில்களில் கேட்கப்படும். பழைய சின்ன வழக்கு ஒன்றை எழுதினால் விண்ணப்பம் போச்சு என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. அந்தப் பழைய விஷயம் பெரும்பாலும் மன்னிக்கப்படும், மறைத்தது மன்னிக்கப்படாது. நாணயமில்லாத ஆளிடம் மருந்து அலமாரிச் சாவியைக் கொடுக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. தேர்வில் காப்பியடித்துப் பிடிபட்டதும், நோயாளியின் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டதும்கூட இந்தக் கோப்பில்தான் வந்து சேரும்.

இத்தனையும் முடிந்து விண்ணப்பம் போட்டால் சில நாடுகளில் இன்னொரு தேர்வு காத்திருக்கும். அமெரிக்காவில் என்க்ளெக்ஸ் (NCLEX) என்ற லைசென்ஸ் தேர்வு, அதுவும் கம்ப்யூட்டர் உங்கள் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கடினமாக்கியோ எளிதாக்கியோ தரும். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. 85இல் திரை அணைந்துவிட்டால் பாஸா ஃபெயிலா என்று யாருக்கும் தெரியாது, இரண்டுமே நடக்கும். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் 2015 முதல் இதையே வைத்திருக்கின்றன. பிலிப்பைன்ஸில் அரசின் தனி போர்டு தேர்வு. பிரிட்டனிலேயே படித்தவருக்குத் தனித் தேர்வு கிடையாது, பல்கலைக்கழகம் நேராகக் கவுன்சிலுக்குத் தகவல் அனுப்பும். இந்தியாவில் மாநில கவுன்சிலில் பதிவு, கிடைப்பது 'பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற மருத்துவச்சி' என்ற இரட்டைத் தகுதி.

பதிவு எல்லை தாண்டாது என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு நாட்டின் எண் இன்னொரு நாட்டில் செல்லாது. இந்தியாவில் மாநிலம் மாறினாலே அங்குள்ள கவுன்சிலில் திரும்பப் பதிய வேண்டும். அமெரிக்காவிலும் மாநிலந்தோறும் லைசென்ஸ்தான், தங்களுக்குள் ஒப்பந்தம் போட்ட மாநிலங்கள் மட்டும் ஒரே லைசென்ஸை ஏற்கும். வெளிநாடு போகும் எண்ணம் லேசாக இருந்தாலும், படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பாருங்கள். பிரிட்டனில் பெரியவர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று நான்கு பிரிவாகப் பிரித்துப் படிக்கிறார்கள். அமெரிக்க போர்டுகளோ பெரியவர், குழந்தைகள், மகப்பேறு, மனநலம் எல்லாவற்றிலும் பாடமும் பயிற்சியும் இருந்ததா என்று பார்க்கும். பெரியவர் பிரிவில் படித்து இருபது வருடம் ஐ.சி.யூ. பார்த்தவர்கூட, மகப்பேறு வார்டு மணி நேரம் இல்லாமல் நிற்க நேரிடுகிறது. எனவே பாடத்திட்டப் புத்தகம், பாடவாரியான மணி நேரச் சான்று, லாக் புக் நகல், எல்லாவற்றையும் கல்லூரியை விட்டு வரும்போதே முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்டால் அந்த முதல்வரும் இருக்கமாட்டார், அந்தக் கல்லூரியே இல்லாமல் போயிருக்கலாம்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு, இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், பதிவுச் சான்றிதழில் அது முன்னால், டிரான்ஸ்கிரிப்டில் (பாட, மதிப்பெண் விவரச் சான்று) பின்னால். வெளிநாட்டு கவுன்சிலுக்கு இவை நாலு வேறு ஆட்கள். முதல் முறை பதியும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதிவிட்டால் பிறகு பிரமாணப் பத்திரத்துக்கு அலைய வேண்டாம்.

எண் கிடைத்ததோடு கதை முடிந்தது என்று நினைத்தால், புதுப்பித்தல் இருக்கிறது. பிரிட்டனில் 3 வருடத்துக்கு ஒரு முறை 450 மணி நேரப் பணி, 35 மணி நேரத் தொடர் கல்வி, உங்கள் பணி பற்றி மற்றவர்கள் சொன்ன ஐந்து கருத்துகள், நீங்களே எழுதிய ஐந்து அனுபவக் குறிப்புகள், எல்லாம் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் வருடத்துக்கு 20 மணி நேரத் தொடர் கல்வி. குழந்தை பிறந்து வீட்டில் இருக்கும் காலத்தில்தான் நிறைய பேர் இதைக் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் நினைவூட்டல் மின்னஞ்சல் கல்லூரிக் காலத்து முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். பதிவேடு பொதுவில் இருப்பது, வேலைக்கு எடுக்கும் மருத்துவமனை உங்கள் எண்ணைத் தட்டிப் பார்க்கும், நோயாளியின் மகனும் பார்க்கலாம். அதில் 'காலாவதி' என்று காட்டினால் அன்றைக்கு உங்களுக்கு ஷிப்ட் கிடையாது. முகவரி மாறிய வாரமே கவுன்சில் கணக்கில் போய் மாற்றிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.