‘ஐஸ் வித்தவுட் எ ஃபேஸ்’: அந்த டாக்டர் ஒட்டிய தோல் ஏன் பிடிக்கவில்லை?

தோல் தானம் என்றதும் இறந்தவரின் வீட்டார் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “முகத்தையும் உரிச்சிடுவீங்களா டாக்டர்?” அந்தப் பயத்தை அப்படியே திரையில் காட்டிய படம், 1960இல் பிரான்ஸில் வெளிவந்த ‘ஐஸ் வித்தவுட் எ ஃபேஸ்’. ஜார்ஜ் ஃபிராஞ்சு இயக்கியது. தாறுமாறாகக் கார் ஓட்டி, மகள் கிறிஸ்டியானின் முகம் சிதையக் காரணமானவர் டாக்டர் ஜெனெசியே. அதைச் சரிசெய்ய இளம்பெண்களைக் கடத்தி வந்து, அவர்களின் முகத்தோலை அறுத்து மகளுக்கு ஒட்டுகிறார். கிறுக்கு டாக்டர் படங்களில் மருத்துவம் என்பது பெரும்பாலும் புகை கக்கும் கண்ணாடிக் குடுவைகள்தான். இந்தப் படம் அப்படியில்லை. மருத்துவத்தில் பாதி தப்பு. மீதிப் பாதி ஆச்சரியப்படும்படி சரி.

தப்பு அறுவை சிகிச்சையில் இருக்கிறது. மயக்கத்தில் கிடக்கும் பெண்ணின் முகத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுகிறார். கத்தி அந்தக் கோட்டின் மேலேயே மெதுவாக நகர்கிறது. ஓரம் முழுக்கக் கிளாம்ப் மாட்டி, தோலை ஒரே துண்டாகத் தூக்குகிறார். பதைபதைக்க வைக்கும் காட்சிதான். ஆனால் அவர் எடுப்பது வெறும் தோலை. அதில் ரத்தக்குழாய் இணைப்பு இல்லை, தசை இல்லை, நரம்பு இல்லை. உடலில் ஒட்டிப் பிடித்தாலும் அது சிரிக்காது, இமைக்காது.

இப்படிக் குழாய் இணைக்காமல் ஒட்டும் தோல், முதல் ஓரிரு நாள் புண்ணிலிருந்து கசியும் நீரை உறிஞ்சித்தான் உயிர் பிழைக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் அடியிலுள்ள நுண்குழாய்களும் தோலின் குழாய்களும் வாய் சேரும். ஐந்தாம் நாள் வாக்கில் ரத்தம் ஓடத் தொடங்கும். அதற்குள் அடியில் ரத்தமோ நீரோ கட்டினால், தோல் சற்றே நகர்ந்தால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி புகுந்தால் எல்லாம் வீண். தீப்புண்ணுக்குத் தொடையிலிருந்து ஒட்டும் தோல் சுமார் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். மெல்லியது என்பதால் சீக்கிரம் பிடிக்கும். ஜெனெசியே எடுப்பது முழுக் கனத்தோல், அதுவும் முகம் அளவுக்கு. பிடிப்பது குதிரைக்கொம்பு.

பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். படம் சரியாகச் சொல்லும் பாதி இங்கேதான் தொடங்குகிறது. முகம் முதலில் அழகாக இருக்கிறது. பிறகு வரிசையாகப் புகைப்படங்கள்: தோலில் கருமை, கட்டிகள், புண். கடைசியில் ஒட்டியதையே எடுத்துவிட வேண்டிய நிலை. எங்கள் துறையில் ரிஜெக்‌ஷன் என்பது இதுதான். உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்து இல்லாவிட்டால், இன்னொருவர் தோலை உடல் இரண்டு மூன்று வாரத்துக்குள் தள்ளிவிடும்.

1940களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் தீக்காயப்பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டிப் பார்த்தவர்கள் அறுவை சிகிச்சை நிபுணர் தாமஸ் கிப்சனும் உயிரியலாளர் பீட்டர் மெடவாரும். அதே சகோதரரின் தோலை இரண்டாவது முறை ஒட்டியபோது, அது முன்னதைவிட வேகமாக அழிந்தது. தள்ளுவது நோயெதிர்ப்பு மண்டலம்தான், அதற்கு நினைவும் உண்டு என்பதற்கு அது வலுவான சான்று. படம் வந்த 1960லேயே மெடவாருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜெனெசியே ஆள் மாற்றி ஆள் மாற்றி முயல்கிறாரே, ஒவ்வொரு தோல்வியும் மகளின் உடலை இன்னும் உஷாராக்கும். அடுத்த பெண்ணின் திசுவில் முந்தையவளோடு ஒத்துப்போகும் கூறுகள் இருந்தால், அந்த முகம் இன்னும் சீக்கிரம் அழுகும்.

விரிவுரை மேடையில் அவர் எக்ஸ்ரே கதிர்வீச்சைப் பற்றிப் பேசுவதும் வெறும் கற்பனை இல்லை. 1959இல் பாஸ்டனிலும் பாரிஸிலும் சிறுநீரக மாற்றத்துக்கு முன் நோயாளியின் உடல் முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்துத்தான் எதிர்ப்பை அடக்கினார்கள்.

அதே பிரான்ஸில், 2005 நவம்பர் 27 அன்று அமியான் நகரில் உலகின் முதல் பகுதி முகமாற்றம் நடந்தது. நாய் கடித்து மூக்கும் உதடுகளும் போன ஒரு பெண்ணுக்கு, பெர்னார் தெவோஷெல் குழு மைக்ராஸ்கோப்பின் கீழ் ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் இணைத்தது. கொடையாளர் மூளைச்சாவு அடைந்தவர். அவருடைய குடும்பம் சம்மதித்திருந்தது. முகம் எடுத்த பிறகு அவருக்கு சிலிக்கோன் முகமூடி பொருத்தித்தான் உடலை ஒப்படைத்தார்கள். படத்தில் முகமூடி போட்டுக்கொண்டு நடமாடுவது, முகம் பெற வேண்டிய கிறிஸ்டியான்.

சம்மதம் என்றால் கடத்தப்பட்ட பெண்களை மட்டும் நினைக்கிறோம். கிறிஸ்டியானையும் யாரும் கேட்கவில்லை. அவள் இறந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்லி, பொய்ச் சவ அடக்கமும் முடித்துவிட்டார் அப்பா. சோதனைக்கு ஆளாகிறவர் தானாக முன்வந்து சம்மதிக்க வேண்டும், எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று விலகலாம் என்று நாஜி டாக்டர்கள் வழக்கின் தீர்ப்போடு வந்த நியூரம்பெர்க் விதிகள் சொன்னது 1947இல். ஆபரேஷன் தேதி குறித்த பிறகு கையெழுத்து வாங்குவதைச் சம்மதம் என்று நினைக்கும் டாக்டர்கள் இன்றும் உண்டு. ஒட்டு தோற்றால் அடுத்து என்ன, ஆயுள் முழுக்க எந்த மாத்திரை, அதனால் வரும் தொற்றும் புற்றுநோய் அபாயமும் எவ்வளவு என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி அந்த முதல் கேள்வி. தோல் தானத்தில் முகத்தைத் தொடுவதில்லை. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடை, கால், முதுகிலிருந்து மேல் அடுக்கை மட்டும் டெர்மடோம் கருவியால் சீவி எடுப்பார்கள். முக்கால் மணி நேர வேலை. ரத்தம் வழியாது. கட்டுப் போட்டு, துணி உடுத்தி உடலைக் கொடுத்துவிடுவார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ், தோல் புற்றுநோய், ரத்தத்தில் கிருமித்தொற்று இருந்தவர்களிடம் எடுப்பதில்லை. எடுத்த தோலை 85 சதவீத கிளிசராலில், 4 டிகிரி குளிரில் வைப்பார்கள். ரத்த வகைகூடப் பார்க்க வேண்டியதில்லை. ஏனென்றால் அது நிலைக்காது என்று தெரிந்தேதான் ஒட்டுகிறோம். உடல் அதைத் தள்ளும்வரை இரண்டு மூன்று வாரம் நீரிழப்பையும் தொற்றையும் குறைக்கும், வலியைத் தணிக்கும். அதற்குள் நோயாளியின் சொந்தத் தோலை எடுத்து ஒட்டும் அளவுக்கு உடம்பு தேறிவிடும்.