தோட்டத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டுறீங்களா? சுவருக்குப் பின்னாடி என்ன போடுறாங்கன்னு பாருங்க

குன்னூர், கோத்தகிரி பக்கம் சரிவுல சைட் வாங்குறவங்க வந்து உக்காந்ததும் கேக்குறது, படிக்கட்டு மாதிரி தோட்டம் போடணும் சார், தடுப்புச் சுவருக்கு அடிக்கு எவ்ளோ ஆகும்னுதான். சுவருக்குப் பின்னாடி என்ன போடுவீங்கன்னு கேக்குறவங்க ரொம்பக் கம்மி. ஆனா சுவர் சரிஞ்சிருச்சு வந்து பாருங்கன்னு கூப்பிடுற இடத்துல முக்காவாசி கோளாறு அந்தப் பின்பக்கத்துலதான் இருக்கு.

கணக்கு இதுதான். 6 அடி உயர சுவர், பின்னாடி காஞ்ச மண்ணுன்னா ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய 1 டன் தள்ளும். அதே மண்ணுல தண்ணி முழுசா நின்னுச்சுன்னா 2 டன்னுக்கு மேல போயிரும். மேஸ்திரி காஞ்ச மண்ணை மனசுல வச்சு கட்டியிருப்பாரு, ஐப்பசி கார்த்திகையில நம்ம பக்கம் மழை அடிச்சு ஊத்தும்போது சுவர் மேல ரெண்டு மடங்கு பாரம் வந்து உக்காரும். 2009 நவம்பர்ல கேத்தியில ஒரே நாள்ல 820 மில்லிமீட்டர் கொட்டுச்சு, அந்த வாரம் நீலகிரியில மண்சரிவுல 40 பேருக்கு மேல செத்தாங்க. அந்த மாதிரி மழைய எந்தத் தோட்டச் சுவரும் தாங்காது, அது வேற விஷயம், ஆனா சாதாரண மழைக்கே விழுற சுவரைத்தான் நான் அடிக்கடி பாக்குறேன்.

போன சீசன்ல ஒரு வீட்டுல பாத்தேன். சுவர் நடுவுல தொந்தி மாதிரி வெளிய தள்ளியிருக்கு, மேல புல்தரையில சுவருக்கு இணையா விரல் நுழையுற அளவு வெடிப்பு. வீப் ஹோல் பைப், அதாவது பின்னாடி நிக்கிற தண்ணி வெளிய வர சுவர்ல விடுற ஓட்டை, வரிசையா இருக்கு, ஆனா ஒண்ணுல கூட ஈரமே இல்ல. கம்பி விட்டா ஒரு சாண்ல முட்டுது. பைப் சுவரோட தடிமனுக்கு மட்டும்தான் இருக்கு, பின்னாடி ஜல்லியே கிடையாது, வெட்டுன செம்மண்ணையே அப்படியே தள்ளி நிரப்பியிருக்காங்க, சேறு போய் அடைச்சிருச்சு. பத்தாததுக்கு, சுவர் முகப்புல அழகுக்கு ஒட்டுன கிளாடிங் கல்லுல கறை படியுதுன்னு கீழ் வரிசையை சிமெண்ட் வச்சே மூடியிருக்காங்க!

பைப் மட்டும் வச்சா பத்தாது. சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு 40 எம்எம் ஜல்லி அடியிலிருந்து மேல வரைக்கும் வரணும், ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவுல தண்ணிய விட்டு மண்ணைத் தடுக்குற ஜியோ டெக்ஸ்டைல் துணி, 3 இன்ச் பைப் 4, 5 அடிக்கு ஒண்ணு வெளிப்பக்கம் சரிவா. மண்ணை அரை அடி அரை அடியா போட்டு குத்தணும். பழைய எஸ்டேட்ல கலவையே இல்லாம அடுக்குன கல்கட்டு இன்னைக்கும் நிக்குதுன்னா காரணம் தண்ணி கல் இடுக்கு வழியா தானா வெளிய போயிரும், சுவரும் மலைப்பக்கம் சாஞ்சிருக்கும்.

அப்புறம் கூரைத் தண்ணி பைப்ப கொண்டுபோய் மேல் படியில விடாதீங்க, செப்டிக் டேங்க் உறிஞ்சு குழியும் அங்க வேணாம். மழை 2 நாள்ல விட்டுரும், குழி 365 நாளும் சுவருக்குப் பின்னாடி தண்ணி ஊத்திட்டே இருக்கும்.

6 அடி ஒரே சுவரா கட்டாம 3 அடியா ரெண்டு கட்டலாமான்னா தாராளமா கட்டலாம். உயரம் பாதியானா தள்ளுற விசை கால்வாசியாயிரும். ஆனா மேல் சுவரை 6 அடியாவது உள்ள தள்ளிக் கட்டணும், 2 அடி தள்ளி வச்சா மேல் சுவரோட பாரமும் கீழ் சுவர் தலையிலதான். கருங்கல்னா சுவரோட அடிப்பக்க அகலம் உயரத்துல பாதிக்குக் குறையக்கூடாது. ஹாலோ பிளாக்க வெறுமனே அடுக்கி மண்ணைத் தாங்க வைக்கறதெல்லாம் தயவுசெஞ்சு வேணாம், சுவர் 4 அடிக்கு மேல போனா இன்ஜினியர்கிட்ட டிசைன் வாங்கிருங்க.

மண் வெட்டுறத மழைக்காலத்துல வச்சுக்காதீங்க. ஜனவரிக்கு மேல ஆரம்பிங்க, மொத்த நீளத்தையும் ஒரே நாள்ல வெட்டாம 10 அடி வெட்டி, கட்டி முடிச்சுட்டு அடுத்த 10 அடி. நீலகிரியில ஜேசிபி இறக்க பர்மிஷன் வேணும்ங்கறதும் ஞாபகம் இருக்கட்டும்.

கட்டின பிறகு முதல் பெரிய மழை அன்னைக்கு குடைய எடுத்துட்டு போய் வீப் ஹோலைப் பாருங்க. தெளிஞ்ச தண்ணி வந்தா சரி. ஒண்ணுமே வரலைன்னா அடைச்சிருக்கு, கம்பி விட்டுப் பாருங்க. செந்தண்ணியா விடாம வந்துச்சுன்னா உள்ள மண்ணு கரைஞ்சு போகுதுன்னு அர்த்தம், சுவருக்குக் கீழ யாரையும் உக்கார விடாம அன்னைக்கே இன்ஜினியரக் கூப்பிடுங்க.