எல்.எம்.ஜி. சுட்டவர்களின் இடது காது

முன்னாள் ராணுவத்தினர் நிறையப் பேர் வாழும் வேலூர்ப் பக்கம் கேட்பியல் நிபுணராக வேலை பார்க்கிறேன். பணியில் இலகு ரக இயந்திரத் துப்பாக்கி, அவர்கள் வாயில் எல்.எம்.ஜி., சுட்டவர்கள் வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள்: "சத்தம் கேக்குது மேடம், பேச்சுதான் புரியல." ஆண்குரல் ஓரளவு பிடிபடும்; மனைவி பேசுவதும் பேத்தி பேசுவதும் பிடிபடாது. வீடு அடங்கியதும் காதுக்குள் 'கொய்ங்' என்று இரைச்சல் தொடங்கிவிடும். கேட்கும் திறனைக் கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம் எடுத்தால் 4000 ஹெர்ட்ஸை, அதாவது கீச்சொலிகள் இருக்கும் இடத்தை, ஒட்டிக் கோடு பள்ளமாக இறங்கியிருக்கும். வலது தோளில் வைத்துச் சுட்டவர்களுக்குப் பல நேரம் இடது காது இன்னும் மோசமாக இருக்கும். துப்பாக்கியின் பின்கட்டையில் கன்னத்தைப் பதித்துக் குறிபார்க்கும்போது குழல்வாயின் பக்கம் திரும்பியிருப்பது இடது காதுதான். வலது காதுக்குத் தலையே கொஞ்சம் மறைப்பாக இருந்துவிடுகிறது.

"வயசாச்சு, காது மந்தம்" என்று வீட்டில் இருப்பவர்கள் முடித்துவிடுகிறார்கள். இதில் பெரும்பங்கு வயதால் வந்ததல்ல, அந்தத் துப்பாக்கி கட்டப்பட்ட விதத்தால் வந்தது.

இன்றைய இலகு ரக இயந்திரத் துப்பாக்கி சுடுபவரின் காதருகே ஏறத்தாழ 155 முதல் 160 டெசிபல் வரை உச்ச ஒலி எழுப்புகிறது. வெடிப்பொலிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 140. வித்தியாசம் 20தானே என்று நினைக்க வேண்டாம். டெசிபல் கணக்கில் 20 கூடினால் காதில் மோதும் அழுத்தம் 10 மடங்கு. உரத்த சத்தம் வந்தால் நடுக்காதின் சிறு தசை இறுகித் தடுக்கப் பார்க்கும். ஆனால் அது இறுகுவதற்குள், சில மில்லிநொடியில், வெடிப்பின் உச்சம் உள்ளே போய்விடுகிறது. நிமிடத்துக்கு 700, 800 குண்டு வேகத்தில் விடாமல் ஒரு பர்ஸ்ட் அடித்தால், ஒலியை உணரும் உட்காதின் மயிர்ச்செல்கள் மூச்சுவிடக்கூட இடமில்லாமல் அடி வாங்குகின்றன. செத்த மயிர்ச்செல் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

துப்பாக்கி எடை குறைய வேண்டும், வண்டியிலிருந்து குதித்து இறங்க வசதியாகப் பேரல், அதாவது குழல், குட்டையாக வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் பாடுபடுகிறார்கள். காலாட்படைக்கு அது தேவைதான். ஆனால் பேரல் குறையக் குறைய வெடிவாயு அழுத்தம் தணியாமலே வெளியேறுகிறது. குழல்வாயும் முகத்துக்கு அருகே வந்துவிடுகிறது. உதைப்பைக் குறைக்க குழல்முனையில் மசில் பிரேக் என்ற துளையிட்ட மூடியை மாட்டினால் வெடிப்பலை பக்கவாட்டிலும் பின்னாலும் திரும்புகிறது. அருகில் படுத்து குண்டு கோத்த பெல்ட் எடுத்துக் கொடுக்கும் நம்பர் 2 ஆளின் காதும் அதில் சேர்ந்து கெடுகிறது. அவர் தான் சுடவே இல்லையே என்று பரிசோதனைக்கே வருவதில்லை.

தன் உதைப்பிலேயே தானே குண்டை ஏற்றிக்கொள்ளும் முதல் இயந்திரத் துப்பாக்கியை 1884இல் லண்டனில் உருவாக்கியவர் ஹைரம் மாக்சிம். துப்பாக்கிச் சத்தத்தில் அவர் காது கெட்டது. முதுமையில் ஏறக்குறைய முழுச் செவிடாகவே இருந்தார். துப்பாக்கிச் சைலன்சருக்கு 1909இல் காப்புரிமை பெற்றவர் அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம். அப்பாவின் கண்டுபிடிப்பும் மகனின் கண்டுபிடிப்பும் காலாட்படையின் இயந்திரத் துப்பாக்கியில் வழக்கமான ஜோடியாகச் சேர நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

காரணம் சூடு. சைலன்சர் என்பது அடுக்கடுக்கான அறைகள். வெடிவாயு அதில் சுழன்று, வேகம் குறைந்து, குளிர்ந்து வெளியேறும். ஒற்றைக் குண்டுக்கு அது தாங்கும். பெல்ட் பெல்ட்டாகச் சுட்டால் சைலன்சர் பழுக்கக் காய்ந்துவிடும். தேங்கிய வாயு பின்வழியாகத் திரும்பிச் சுடுபவரின் கண்ணையும் மூக்கையும் எரிக்கும். துப்பாக்கியின் முன்பாரமும் கூடும்.

2022 ஏப்ரலில் அமெரிக்கத் தரைப்படை தேர்ந்தெடுத்த சிக் சவர் நிறுவனத்தின் எம்250 எல்.எம்.ஜி. இந்த இடத்தில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 6.8 மி.மீ. குண்டு, பழைய 5.56 மி.மீ. குண்டைவிட மிக அதிக அழுத்தம். அதற்குச் சைலன்சரையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். வாயு பின்னால் வராமல் முன்னால் ஓடும்படி அதன் உள்ளறைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அப்படியும் துப்பாக்கியின் எடை, அவர்களுடைய பழைய எல்.எம்.ஜி.யான எம்249ஐவிடக் குறைவு. தீப்பொறி தெரியாமல் ஆள் இருக்கும் இடத்தை மறைப்பதும், சண்டைக்கு நடுவே கட்டளை காதில் விழுவதும் இதற்குப் பெரிய காரணங்கள். எந்தக் காரணத்துக்காக வந்தாலும் காதுக்கு நல்லது. ஆனால் குண்டு ஒலியைவிட வேகமாகப் பறப்பதால் அதன் 'சடீர்' ஒலி அப்படியே இருக்கும். சைலன்சர் மாட்டியதால் காதடைப்பான் வேண்டாம் என்று ஆகாது.

நம் படைக்கு 16,479 நெகேவ் 7.62 மி.மீ. துப்பாக்கிகள் வாங்க 2020 மார்ச்சில் இஸ்ரேல் நிறுவனத்துடன் ஒப்பந்தமானது. நம் படையின் இன்சாஸ் எல்.எம்.ஜி.யின் 5.56 மி.மீ. குண்டைவிட இது பெரிய குண்டு. அடுத்த துப்பாக்கிக்குத் தேவைப் பட்டியல் எழுதும்போது எடை, தூரம், வேகத்தோடு சுடுபவரின் காதருகே எத்தனை டெசிபல் என்ற வரியும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அமெரிக்காவில் ராணுவக் கருவிகளின் ஒலி வரம்புக்கென்றே மில் எஸ்.டி.டி. 1474 என்ற தரநிலை இருக்கிறது.

இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகளுக்கு: பஞ்சு காதைக் காக்காது. ஃபோம் அடைப்பானை விரலால் மெல்லிய குச்சிபோல உருட்டி, மறு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது உப்பி நிற்கும்வரை விரலை எடுக்காமல் பிடியுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சில் அதற்கு மேலே, காதை முழுதாக மூடும் இயர்மஃபும் போடலாம். சுட்டு முடித்த மறுநாளும் காது அடைப்போ இரைச்சலோ போகவில்லை என்றால் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு சிகிச்சைக்குப் பலன் இருந்தால் முதல் சில நாள்களில்தான். பணியில் சேரும்போது ஒரு ஆடியோகிராம், ஓய்வு பெறும் முன் ஒன்று எடுத்து, இரண்டின் நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்கும்போது, பணியில்தான் காது கெட்டது என்று காட்ட அந்த இரண்டு தாள்கள் பெரிதும் உதவும்.